சாவி வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள்

நம் வீடுகளில் இதற்குக் காக்காய் வலிப்பு என்று பெயர். கால்-கை வலிப்பு என்பதே மருவி அப்படி ஆனது என்பார்கள். மலாயில் பழைய பேச்சு வழக்கில் 'கீலா பாபி', அதாவது பன்றிப் பைத்தியம். சீனத்தில் ஆட்டுப் பைத்தியம் என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. வேறு எதில் ஒத்துப்போகிறோமோ இல்லையோ, இந்த நோயை ஒரு பிராணியோடு கட்டிப்போடுவதில் மூன்று இனமும் ஒற்றுமை!

எனக்குப் பதினைந்து வயதிலிருந்து வலிப்பு நோய் இருக்கிறது. பல்கலைக்கழக விடுதிக்குப் புறப்பட்டபோது அம்மா மாத்திரைகளைத் துணிகளுக்கு நடுவே மறைத்து வைத்தார். "யார்கிட்டயும் சொல்லாதம்மா, நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்றார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் வாய் எப்படிப் பேசும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால், நள்ளிரவில் எனக்கு ஏதாவது ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவள்தானே பார்க்க வேண்டும்? கிளந்தானிலிருந்து வந்திருந்த என் அறைத் தோழியிடம் முதல் வாரமே சொல்லிவிட்டேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அப்படி வந்தால் நான் என்ன செய்யணும்?"

இரண்டாம் ஆண்டுத் தேர்வு நெருங்கிய சமயம், விரிவுரை மண்டபத்தில் விழுந்தேன். நடந்ததைத் தோழி சொல்லித்தான் அறிந்தேன். ஒருவர் மோட்டார் சைக்கிள் சாவியை என் கையில் திணித்தார். இன்னொருவர் பற்களுக்கிடையே வைக்கக் கரண்டி தேடி ஓடினார். ஒருவர் கை கால்களை அழுத்திப் பிடித்தார். எச்சில் பட்டால் தொற்றும் என்று சிலர் விலகி நின்றார்கள். கைப்பேசியில் படம் பிடித்தவர்களும் உண்டு. எல்லாரும் நன்றாகப் படித்த பிள்ளைகள். தோழி மட்டும் தன் துணிப்பையைத் தலைக்கடியில் வைத்து, மணி பார்த்து, உதறல் அடங்கியதும் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

மூளையின் மின் சமிக்ஞைகள் திடீரென்று கட்டுமீறுவதால் வருவதே வலிப்பு. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரம் கையில் சாவி இருந்தால் நல்ல பெயர் சாவிக்குப் போகிறது. நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. வாயில் எதையாவது திணித்தால் பல்தான் உடையும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே மீண்டும் வந்தாலோ 999-ஐ அழைக்க வேண்டும். அதனால்தான் கடிகாரம் முக்கியம். இது தொற்று நோயும் அல்ல, பைத்தியமும் அல்ல.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும். பாய்ந்து பாய்ந்து பந்து பிடித்த தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸுக்கும் இந்நோய் உண்டு. அதை அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

நான் விழுந்து கிடந்தது இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு குழுப்பணிகளில் என்னைச் சேர்க்கத் தயங்கினார்கள். "உனக்கு ஓய்வு வேண்டுமே" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அது ஒரு தவணை முழுக்க நீடித்தது. விழுந்ததைவிட அதுதான் வலித்தது. வலிப்பு நோய் உள்ள மாணவர்கள் வாய் திறக்கத் தயங்குவது இதனால்தான். அவர்கள் சொல்லாததால், பக்கத்தில் இருப்பவருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் போகிறது.

பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பும்போது அரிசிக் குக்கர், தலையணை, மைலோ பொட்டலம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுக்கிறோம். பிள்ளைக்கு இந்நோய் இருந்தால், அறைத் தோழரிடம் சொல்லும் துணிச்சலையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால், யாராவது வந்து சொல்லும்போது முகம் சுளிக்காமல், "நான் என்ன செய்யணும்?" என்று கேட்கப் பழக்குங்கள்.