கடுமாங்காய்

என் தங்கை மகள் ஓட்டக்காரி. தடை தாண்டி நானூறு மீட்டர் ஓடுகிறவள். பஸ்ஸைப் பிடிப்பதற்குத் தவிர வேறெதற்கும் ஓடியறியாத எங்கள் குடும்பத்தில் இப்படி ஒருத்தி எப்படிப் பிறந்தாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் அவள் விடியற்காலையில் ஓட, நான் படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்ட வருஷங்கள் உண்டு. சென்ற கோடையில் ஆறு வாரப் பயிற்சிக்காக அவளை ஐரோப்பாவின் வடகோடிக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் முதலில் எழுந்த பிரச்னை பாஸ்போர்ட் அல்ல, கடுமாங்காய். தங்கை வீடு சைவம். முட்டைகூட அடுக்களை வாசலைத் தாண்டியதில்லை. அந்நிய தேசத்தில் பிள்ளை என்னத்தைத் தின்னும் என்ற கவலையில் ஐந்து கிலோ சம்பா அரிசி, சிறுபயறு, ஒரு பெரிய பாட்டில் நிறையக் கடுமாங்காய் எல்லாம் எடுத்து வைத்தாள். பெண்ணோ ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வழக்கு என்னிடம் வந்தது.

எங்கள் ஊரில் விளையாட்டைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் ராமநாதன் கிருஷ்ணனிடம்தான் தொடங்குவார்கள். 1937இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1954இல் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வென்றவர். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள். 1960இலும் 1961இலும் பெரியவர்கள் ஆட்டத்தில் அரையிறுதி வரை போனவர். ஆனால் லண்டனில் அவர் என்ன சாப்பிட்டார் என்று இங்கே ஒருவரும் கேட்டு நான் அறியேன். ஜெயித்ததைக் கேட்போம், சாப்பிட்டதைக் கேட்கமாட்டோம்.

அந்தக் குறையை நான் தீர்த்துவிட்டதாக எனக்கு ஓர் எண்ணம். என் கையில் பி. டி. உஷாவின் கதை இருந்தது. 1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய உஷாவுக்கு அப்போது இருபது வயது. பெண்களுக்கான நானூறு மீட்டர் தடை ஓட்டத்தை ஒலிம்பிக்கில் சேர்த்ததே அந்த வருஷம்தான். மொராக்கோ நாட்டு நவால் தங்கம் வாங்கினார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42. கண்ணிமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, பதக்கம் போய்விட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு, 2018இல், ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவர் அந்த நாட்களின் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். அங்கே அமெரிக்கச் சாப்பாடுதான் இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையாம். சுட்ட உருளைக்கிழங்கும் அரைவேக்காட்டுக் கோழியும் சோயா சாறும் ஒத்துக்கொள்ளாமல், கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலம் கழித்திருக்கிறார். என்ன ஊறுகாய் என்கிறீர்கள்? கடுமாங்காய்!

படித்த அன்று எனக்குப் புல்லரித்தது. நான் கதைக்காரன் அல்லவா? கஞ்சியை வைத்து எத்தனை பேரைக் கண்கலங்க வைத்திருக்கிறேன்! ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில், கஞ்சியின் பலத்தில் உலகத்தை ஒரு கலக்குக் கலக்கிய பெண் என்று முழங்கிக் கைத்தட்டும் வாங்கினேன். அதையே மருமகளிடமும் எடுத்துவிட்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “மாமா, அந்தப் பேட்டியை முழுசாப் படிச்சியளா?” என்றாள்.

“படிக்காமலா சொல்லுகேன்?”

“சத்தில்லாத கஞ்சியைக் குடிச்சதுனாலதான் கடைசி முப்பத்தஞ்சு மீட்டர்ல தெம்பு இல்லாமப் போச்சுன்னுல்லா அவங்க சொல்லியிருக்காங்க? நீங்க என்னண்ணா, கஞ்சி குடிச்சு ஜெயிச்ச மாதிரில்லா சொல்லுகியோ. அவங்க தோத்துல்லா போனாங்க, மாமா.”

எனக்குப் பேச்சு எழவில்லை. பேட்டியை நான் படித்தது உண்மை. அந்த வரியையும் படித்திருக்கத்தான் வேண்டும். கண்ணில் பட்டும் மனதில் ஏறாமல் போனதற்குக் காரணம், அது என் கதைக்கு ஒத்துவரவில்லை. ஓட்டக்காரியின் தோல்வியை எடுத்து எங்கள் ஊறுகாய்க்கு மாலை போட்டிருக்கிறேன். அந்த ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மெலிந்த பிள்ளைகளின் முகங்கள் இரண்டு நாள் கண்முன் நின்றன.

அரிசி இல்லாமலே அவள் புறப்பட்டுப் போனாள். அப்புறம் டெலிபோனில் தினம் ஓர் ஆச்சரியம். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. கறுப்புத் திரையை இழுத்துவிட்டு உறங்குகிறார்கள். ஆறு மணிக்கே ராச்சாப்பாடு முடிந்துவிடுகிறது. தண்ணீர் என்று கேட்டு வாங்கினால் சோடா மாதிரிப் பொங்குகிறது, ஆனால் இனிப்பில்லை. ரோட்டைக் கடக்க நின்றாளாம். கார் போகட்டும் என்று இவள் நிற்க, இவள் போகட்டும் என்று கார் நிற்க, கடைசியில் காரோட்டி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சைகை காட்டினாராம். இதையெல்லாம்விட அவளுக்குப் பெரிய அதிசயம் வேறு. “சும்மா இருக்கதையும் அட்டவணையில எழுதிப் போட்டிருக்கு, மாமா. மத்தியானம் ஒண்ணரை மணிக்கூர் உறங்கணுமாம். உறங்காட்டா ஏசுகாங்க!” வாந்தி வரும்வரை ஓடுவதே பயிற்சி என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அது.

மூன்றாவது வாரம் குரலைத் தாழ்த்தினாள். “மாமா, முட்டை திங்கேன். அம்மைட்ட நீங்கதான் சொல்லணும்.”

எட்டு நாள் ஒத்திப்போட்டேன். ஒன்பதாம் நாள், தங்கை வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது மெல்லச் சொன்னேன். கள்ளன் எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது. 

“அவிச்சதா, பொரிச்சதா?”

“அவிச்சது.”

“எத்தனை?”

“ஒரு நாளைக்கு நாலு.”

வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, “தொண்டையில அடைக்காதாமா?” என்று மட்டும் கேட்டாள்.

திரும்பி வந்த ராத்திரி பிள்ளை இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள். கடுமாங்காயின் கொட்டையை வெளுக்கும்வரை சப்பினாள். மறுநாள் காலையில் நான் போனபோது, புறவாசலில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூன்று செங்கல் கூட்டி, விறகு எரிந்துகொண்டிருந்தது. மேலே ஒரு புது அலுமினியப் பாத்திரம். உள்ளே நாலு முட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு குதித்தன. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற தங்கை என்னைப் பார்த்ததும், “அண்ணேன், இது எவ்வளவு நேரம் வேகணும்?” என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.