ஒன்பதால் வகுபடும் தவறு

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்வார்கள். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம். முதல் வருஷம் நான் போட்ட கணக்கு முக்கால்வாசி ஒன்பதால் வகுபட்டது :-)

சின்ன வயசிலிருந்தே நான் அப்படித்தான். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில், நான் தொலைத்த குடை, டிபன் பாக்ஸ், ஜியோமெட்ரி பாக்ஸுக்கு மட்டும் தனிப் பேரேடு போடலாம். டீச்சர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி, "நல்ல புத்திசாலிப் பிள்ளை, கவனம்தான் பத்தாது" என்பார்கள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "சோம்பேறி." கூடவே அடியும் விழும்.

போன வருஷம் ஒரு போட்டித் தேர்வு. மையம் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் ஊருக்குள் நுழையும்போது ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிந்தது. 11 நிலை என்று தெரியும், இருந்தாலும் எண்ண ஆரம்பித்தேன். ஏழாவது நிலையில், இத்தனை உயரத்துக்கு எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று யோசனை. அதிலிருந்து வேறொன்று, அதிலிருந்து இன்னொன்று... "கிருஷ்ணன்கோவில் எல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்தியபோதுதான் முழிப்பு வந்தது. அடித்துப் பிடித்துத் திரும்பி வந்தால் கேட்டைச் சாத்திவிட்டார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டும் அப்பாவிடம் என்ன சொல்ல? அன்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுததை மறக்க முடியாது.

ஒரு தோழி வற்புறுத்தி, மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கேள்விகள்தான். 12 வயசுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். அதனால் அம்மாவையும் கூட்டி வரச் சொன்னார்.

அம்மா வந்தார். மூன்றாம் வகுப்பில் நான் பாதியில் எழுதாமல் வைத்த பரீட்சைத் தாள் முதல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில், "இதுக்கா நான் அவளை அடிச்சேன் டாக்டர்?" என்றார். எனக்கு அம்மாவைப் பார்க்க முடியவில்லை.

துறுதுறு என்று ஓடுகிற பிள்ளையைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்க்கிற பிள்ளை, முக்கியமாகப் பெண் பிள்ளை, கணக்கில் வருவதே இல்லை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். ஓட்டம் குறையும், மறதியும் தள்ளிப்போடுவதும் பலருக்குத் தங்கிவிடும். செல்போனால் வந்த வியாதி என்பவர்களுக்கு ஒரு தகவல்: லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902-லேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரை நிகழ்த்தியிருக்கிறார். கவனமே இல்லை என்பதும் தப்பு. பிடித்த விஷயம் என்றால் விடிய விடிய உட்காருவேன். வேண்டிய இடத்துக்குக் கவனத்தைத் திருப்புவதுதான் வராது.

இப்போது மெத்தில்பெனிடேட் மாத்திரை, டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில். மாத்திரை குணப்படுத்தாது, உட்கார வைக்கும், படிக்க வேண்டியது நான்தான். அதற்கு அலாரம், கதவில் ஒட்டிய பட்டியல், பெரிய வேலையைத் துண்டு துண்டாக்குவது. அம்மாவும் இப்போது நாலு வேலையை ஒரே மூச்சில் சொல்வதில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.

வித்தியாசம் எங்கே என்று தெரியாதபோது அதை அனாமத்துக் கணக்கில் எழுதி வைப்போம் இல்லையா? என் வீட்டில் அந்தக் கணக்கின் பெயர் 'சோம்பேறி'. பதினைந்து வருஷம் எல்லாவற்றையும் அதில்தான் எழுதினார்கள், நானும் சேர்த்து. தவறின் பெயர் தெரிந்ததால் தவறு மறைந்துவிடவில்லை. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

இது குடும்பத்தில் வருவது என்றும் டாக்டர் சொன்னார். அப்பா இன்று காலையும் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா திட்டவில்லை. சட்டைப் பையைப் பார்க்கச் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், 14416-இல் டெலி மானஸ் இருக்கிறது, இலவசம்தான். கை ஓங்குவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.