போயிங் பங்கை ஷார்ட் போகலாமா?

அக்டோபர் 29, 2018

ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் 610 ஜாவா கடலில் விழுந்தது. விமானத்திலிருந்த 189 பேரும் பலி. போயிங்கின் 737 மேக்ஸ் ரகம். விமான நிறுவனத்தின் கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நியூயார்க்கில் போயிங் பங்கு ஆறரை சதவீதம் சரிந்து 335 டாலரில் நிற்கிறது.

ஷார்ட் போக நினைப்பவர் பங்கை இரவல் வாங்கி இன்று விற்கிறார். விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் மிச்சம் லாபம். ஏறிவிட்டால் நஷ்டத்துக்கு எல்லையே கிடையாது.

நவம்பர் 2018

எம்.சி.ஏ.எஸ். என்றொரு மென்பொருள் இருப்பதே மேக்ஸ் ஓட்டிய விமானிகளுக்கு இப்போதுதான் தெரியவருகிறது. எதிர்க்காற்றுக்கு விமானம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளக்கும் ஒற்றை சென்சாரை நம்பி அது வேலை செய்கிறது. சென்சார் தப்பாகக் காட்டினால் மூக்கைக் கீழே அழுத்தும். விமானி சரிசெய்தால், ஐந்து நொடியில் மறுபடி அழுத்தும். லயன் ஏர் விமானிகள் இருபது தடவைக்கு மேல் அதோடு மல்லாடியிருக்கிறார்கள். இதைப் படித்த எவருக்கும் நெஞ்சு பதறும். ஷார்ட் போக இதைவிட வலுவான காரணமும் கிடைக்காது.

டிசம்பர் 17, 2018

போயிங் டிவிடெண்டை 20 சதவீதம் உயர்த்துகிறது: காலாண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 2.055 டாலர். கூடவே 2,000 கோடி டாலருக்குப் பைபேக் (தன் பங்கைத் தானே திரும்ப வாங்குவது) அனுமதி. ஷார்ட் போனவருக்கு இரண்டுமே அடி. இரவல் தந்தவருக்கு அந்த டிவிடெண்டை அவர்தான் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். பைபேக் வேறு விலையைத் தாங்கிப் பிடிக்கும்.

மார்ச் 1, 2019

440 டாலர். வரலாறு காணாத உச்சம். மேக்ஸில் கோளாறு என்று அக்டோபரிலேயே கணித்து ஷார்ட் போனவருக்குப் பங்குக்கு 105 டாலர் நஷ்டம். கணிப்பு சரி, ஆனால் கையில் காசு தீர்ந்திருக்கும். மார்ஜின், அதாவது கூடுதல் ஈட்டுப்பணம், கேட்டு புரோக்கர் அழைக்கும்போது மென்பொருள் கோளாறைப் பற்றி அவரிடம் பேசிப் பயனில்லை.

மார்ச் 10 முதல் 13 வரை

எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302, அடிஸ் அபாபாவிலிருந்து கிளம்பிய ஆறே நிமிடத்தில் விழுந்தது. 157 பேர் பலி. அதே ரகம், அதே மென்பொருள். சீனா மறுநாளே மேக்ஸைத் தரையிறக்குகிறது. அமெரிக்கா 13ஆம் தேதிதான். திங்களும் செவ்வாயுமாகப் பங்கு 422இலிருந்து 375க்கு வருகிறது. அமெரிக்காவே தடை விதித்த புதன்கிழமையோ, சற்று ஏறி முடிகிறது!

சந்தையின் கவலை வேறு. விமானத்தின் விலையில் பெரும்பங்கு ஒப்படைக்கும் நாளில்தான் கைக்கு வரும். ஒப்படைப்பு நின்றால் பண வரவும் நிற்கும். ஆனாலும் வாங்குபவர்கள் எங்கே போவார்கள்? இந்த அளவு விமானத்துக்கு போயிங்கை விட்டால் ஏர்பஸ். அங்கேயோ வரிசை பல வருடம் நீளம். பங்கைத் தாங்கியது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். 346 பேர் இறந்த பிறகும் அது தாங்கியதை ஏற்க மனம் ஒப்பவில்லை.

டிசம்பர் 31, 2019

தலைமைச் செயல் அதிகாரி டென்னிஸ் முய்லன்பர்க் போன வாரம் வெளியேற்றப்பட்டார். அன்று பங்கு ஏறியது. மேக்ஸ் உற்பத்தியை ஜனவரியில் நிறுத்தப்போகிறார்கள். பங்கு வருடத்தைத் தொடங்கியது 322 டாலரில், முடிப்பது 325இல்.

மார்ச் 20, 2020

95 டாலர். ஷார்ட் போனவர்கள் காத்திருந்த சரிவு, ஆனால் இதை உண்டாக்கியது மேக்ஸ் மட்டுமல்ல. கொரோனாவால் உலகெங்கும் விமானங்கள் நின்றுவிட்டன.

மார்ச் 26, 2020

180 டாலர். தேசப் பாதுகாப்புக்கு முக்கியமான நிறுவனங்களுக்கென 1,700 கோடி டாலரை அமெரிக்க செனட் நேற்றிரவு ஒதுக்கியிருக்கிறது. போயிங்கை மனதில் வைத்துத்தான் என்று எல்லோரும் பேசுகிறார்கள். 95இல் துணிந்து ஷார்ட் போனவருக்கு நாலே வர்த்தக நாளில் பங்குக்கு 85 டாலர் போச்சு.

ஏப்ரல் 30, 2020

அந்த அரசுப் பணத்தை போயிங் தொடவே இல்லை. கடன்பத்திரம் விற்று இன்று 2,500 கோடி டாலர் திரட்டிவிட்டது. மேக்ஸ் இன்னும் தரையில்தான் நிற்கிறது.