ஆச்சியின் பனம்பாத்தி

யாழ்ப்பாணத்திலே பருவங்களை அறிய விரும்புவோர் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. எந்த வீட்டு அடுக்களையையும் எட்டிப் பார்த்தாற் போதும். சித்திரையில் வேப்பம்பூவும் உழுந்தும் செத்தல் மிளகாயும் சேர்ந்து வடகமாகி முற்றத்து வெயிலிற் காயும். வைகாசியும் ஆனியும் நுங்குக்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கும் உரியவை. ஆடிப்பிறப்பன்று பயறும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் இட்ட கூழ் கொதிக்கும். ஆவணியிற் பனம்பழம் விழும். ஐப்பசி மழைக்கு ஒடியற்கூழ். தை பிறந்தாற் பனங்கிழங்கு.

கொழும்பில் ஆசிரியத் தொழில் பார்க்கும் எனக்கு ஊருக்குப் போக வாய்ப்பது பெரும்பாலும் ஆகஸ்ட் விடுமுறையிலேதான். அண்மையில் அத்தகையதொரு விடுமுறையில், பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு புகையிரதமேறினேன். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வராது நின்று, 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் அங்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்திற் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாதை ஒரு கதையாகவே இருந்தது.

ஆனையிறவின் உப்புக்காற்றைக் கடந்து, பளையைத் தாண்டி, வண்டி கொடிகாமத்தில் நின்றது. "இங்கேதான் நாங்கள் ஆறு மாதம் இருந்தோம்" என்று மகளுக்குக் காட்டினேன். "ஏன் இருந்தீர்கள்?" என்றாள். அதற்கு விடை சொல்வதானால் பனம்பாத்தியிலிருந்தே தொடங்க வேண்டும்.

பனம்பழத்தைப் பிழிந்து களியை எடுத்தபின் எஞ்சும் விதையை எங்கள் ஊரார் எறிந்துவிடுவதில்லை. மணலைக் குவித்து மேட்டுப்பாத்தி கட்டி, விதைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் பரப்பி விடுவர். பின்பனி வருமுன் மாரிமழை தன் வேலையைச் செய்துவிடும். முளை நிலத்துக்குள்ளே இறங்கிக் கிழங்காகும். தையிலும் மாசியிலும் அதைக் கிண்டி எடுப்பர். பிளந்த விதையினுள்ளே இருக்கும் பூரான் பிள்ளைகளுக்கு உரிய பங்கு. அவித்த கிழங்கைத் தும்பு நீக்கி, பச்சைமிளகாய், உள்ளி, மிளகு, உப்பு, தேங்காய்ப்பூ ஆகியவற்றோடு உரலில் இடித்து உண்பதிலே தனிச்சுவை உண்டு. அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியலை மாவாக்கி வைத்தால் அடுத்த மாரிக்குப் பிட்டும் கூழும் ஆயிற்று. ஆவணியில் விழுந்த ஒரு பழம் அடுத்த ஆண்டு ஐப்பசி வரை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போயினர். எனக்கு அப்போது பதினைந்து வயது. பண்டத்தரிப்பை அடுத்த எங்கள் வீட்டில் மூட்டைகளைச் சைக்கிளிற் கட்டிவிட்டு எல்லோரும் படலைக்கு வந்தபின், ஆச்சி மட்டும் பின்வளவுக்குத் திரும்பிப் போனார். நான் தேடிச் சென்றபோது பாத்தி ஓரத்தில் நின்றிருந்தார்.

"முளை இறங்கியிட்டுது, தம்பி. தைக்கு ஆர் இதைக் கிண்டுறது?" என்றார்.

நான் விடை சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

1996 சித்திரை இறுதியில் நாங்கள் திரும்பியபோது வீட்டின் ஓடுகள் பாதிக்கு மேல் இல்லை. ஆச்சி ஓட்டைப் பார்க்கவில்லை. மண்வெட்டியோடு பாத்திக்குச் சென்றார். கிழங்குகள் முற்றித் தும்பாகி, மண்ணுக்கு மேலே குருத்தோலை காட்டி நின்றன. உண்பதற்கு ஒன்றும் தேறவில்லை. பாத்தியைக் கிண்டிக் கத்தரி நட்டார். ஆனால் வேலியோரமாக இடைவெளி விட்டு ஐந்து முளைகளை மட்டும் தொடாமல் விட்டார். "இதுகள் எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டதுகள். நிக்கட்டும்" என்றார்.

பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். ஆச்சி 2004 இற் காலமானார். அந்த ஐந்திலே இரண்டு ஆண்பனை, மூன்று பெண்பனை என்பதை அவர் அறியவில்லை.

இக்கதையைச் சொல்லி முடிக்கையில், யாழ்ப்பாணத்தில் இறங்கி, மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாக பஸ்ஸில் ஊரை நெருங்கியிருந்தோம். மறுநாள் விடியற்காலையிற் 'பொத்'தென்ற ஓசை கேட்டு மகள் எழுந்தோடினாள். வேலியோரத்துப் பெண்பனை முதற்பழத்தை எங்களுக்குத் தந்திருந்தது. வீட்டிலிருக்கும் என் சின்னம்மா அன்றே பணியாரத்துக்கு ஆயத்தமானார். அளவு கேட்டபோது, "கை சொல்லும், பிள்ளை" என்று சிரித்தார். நான் விடவில்லை, அவர் கையாற் போடுமுன் ஒவ்வொன்றையும் சுண்டில் அளந்து எழுதிக்கொண்டேன்.

நன்கு பழுத்த பழத்தின் கருந்தோலை உரித்து, சிறிது நீர் தெளித்துப் பிசைந்து, தும்பில்லாமற் களியை வடித்தெடுக்க வேண்டும். ஒரு சுண்டு களிக்கு அரைச் சுண்டு சீனி சேர்த்து, பச்சை வாசமும் காறலும் நீங்கும் வரை அடிப்பிடியாமற் கிளறிக் காய்ச்சி ஆறவிடுக. பின் முக்காற் சுண்டு கோதுமை மாவும் காற் சுண்டு வறுத்த அரிசிமாவும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டுக் குழைக்க வேண்டும். கையாற் கிள்ளிப் போடும் பதம் வராவிடின் இன்னும் சிறிது மாச் சேர்க்கலாம். கொதித்த தேங்காயெண்ணெயில் சிறு உருண்டைகளாக இட்டு, மிதமான நெருப்பிற் பொன்னிறமாகப் பொரித்தெடுத்தாற் பணியாரம் ஆயிற்று. அன்று உண்பதிலும் மறுநாள் உண்பதே சுவை.

பணியாரம் முடிந்ததும் மகள் பிழிந்த விதைகளைக் கடகத்தில் எடுத்து வந்தாள். பழைய இடத்திலேயே மணல் குவித்து இருவரும் பாத்தி கட்டினோம். மண் மூடியபின் அவள் கேட்டாள்: "அப்பா, நாங்கள் கொழும்புக்குப் போனால் இதை யார் கிண்டுவது?"

முப்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லாத விடையை இம்முறை சொல்ல முடிந்தது. தைப்பொங்கலுக்கு மறுநாள் அந்தப் பாத்தியை அவளே கிண்டினாள். முதற்கிழங்கைக் கழுவி, ஆச்சியின் படத்துக்கு முன்னே வைத்தாள்.

இதை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டு ஆச்சிமாரின் கைகள் சொல்லும் அளவுகளை, அவர்கள் அருகில் இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.