ஒரு சாண் உயரம்

ஒலிம்பிக் எடைத்தட்டின் விட்டம் 450 மில்லிமீட்டர். அதை மாட்டித் தரையில் வைத்தால் கம்பியின் நடு 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு சாண். அங்கிருந்து எடுத்து நிமிர்ந்தால்தான் டெட்லிஃப்ட், அதற்கு மேலிருந்து எடுத்தால் ஏமாற்று என்று முகம் சுளிப்பவர்கள் ஜிம்முக்கு நாலு பேராவது உண்டு. ஆனால் அந்த உயரத்தை முடிவு செய்தது யாருடைய முதுகும் அல்ல, தட்டுதான். அதுவும் தட்டுக்குத் தட்டு மாறும். சாதாரண இரும்புத் தட்டில் எடை குறையக் குறைய விட்டமும் குறைகிறது. நேற்றுச் சேர்ந்து 5 கிலோ தட்டோடு தொடங்குகிறவருக்குக் கம்பி கணுக்கால் பக்கம் இறங்கிவிடுகிறது. பழகியவர் ஒரு சாண் வரை குனிந்தால் போதும், பழகாதவர் அரைச் சாண் வரை குனிய வேண்டும்! இந்த அநியாயத்தை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

எண்சாண் உடம்பு என்கிறோம். ஆறடி ஆளும் ஐந்தடி ஆளும் அவரவர் கையால் அளந்தால் எட்டுச் சாண்தான் என்பது கணக்கு. அளவுகோல் ஆளோடு சேர்ந்து வளர்கிறது. தட்டின் சாண் யாரோடும் வளர்வதில்லை. கால் நீண்டு கை குட்டையானவருக்கு அது பாதாளம். கை நீண்டவருக்குப் பக்கத்து வீடு. 1985இல் அமெரிக்காவின் லமார் கான்ட் தன் உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு தூக்கினார். நீண்ட கைகள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்ததால் உடற்பகுதி குட்டை. நிமிர்ந்து நிற்கும்போதும் கம்பி முழங்காலுக்குச் சற்று மேலேதான் இருக்கும். அவர் விதியை மீறவில்லை; கம்பி போக வேண்டிய தூரத்தை அவருடைய எலும்புகளே சுருக்கிக் கொடுத்தன. எல்லோருக்கும் ஒரே உயரம் என்பதால் எல்லோருக்கும் ஒரே தூரம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் எல்லையை எது வகுப்பது? தொடையின் பின்தசை. உட்காரும்போது அழுந்துகிற எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் முடிகிறது அது. குனியக் குனிய இழுபடும். இனி இழுபட இடமில்லை என்றானதும் இடுப்பெலும்பு சாய்வதை நிறுத்திவிடும். மிச்சக் குனிவைக் கீழ்முதுகு வளைந்து ஈடுகட்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும்: பெல்ட்டுக்கு மேலே இருந்த சிறு குழிவு மறைந்து, பனியன் அங்கே புடைக்கும். அந்தப் புடைப்புக்கு ஒரு விரற்கடை முன்னால் இருப்பதுதான் குனிகிறவருடைய தரை. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நிக்கு விளாட் செய்துகாட்டிப் பரவிய ரொமேனியன் டெட்லிஃப்ட், இறங்கும்போது தரையைத் தொடுவதே இல்லை. அதை அரைகுறை என்று யாரும் சொல்வதில்லை.

குடம் தூக்கும்போது முதுகு வளையாமலா இருக்கிறது என்று கேட்கலாம். வளைகிறதுதான், முதுகு கண்ணாடியும் அல்ல. ஆனால் குடத்தை யாரும் வாராவாரம் எடை கூட்டித் தூக்குவதில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. உடல் எந்தக் கோணத்தில் பழகுகிறதோ, பெரும்பாலும் அந்தக் கோணத்தை ஒட்டித்தான் பலம் கூடும். மேலேயே இழுத்துப் பழகினால் கீழே பலவீனம் அப்படியே கிடக்கும். உண்மைதான். உயரம் கூடினால் எடையும் கூடும், கூடவே கர்வமும். தரையிலிருந்து 501 கிலோ எடுத்தார் ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன், 2020இல். எஸ்தோனியாவின் ரவுனோ ஹைன்லா 2022இல் 580 கிலோ தூக்கியது 18 அங்குலத்திலிருந்து, அதாவது இரண்டு சாண். முன்னதையும் பின்னதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இரண்டு சாணில் நூறு கிலோ எடுத்துவிட்டுத் தரைக்கு வந்தால், சாண் ஏற முழம் சறுக்கிய கதைதான். ஆனால் இந்த ஆட்சேபம் உயரத்தில் தங்கிவிடாதே என்கிறது. உயரத்தில் தொடங்காதே என்று சொல்லவில்லை. போட்டிக்குப் போகிறவர் தட்டின் சாணுக்கு வந்துதான் தீர வேண்டும். மற்றவர்கள் தட்டுக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டு பலகை போட்டுக்கொள்ளலாம். பனியன் புடைக்காத வாரத்தில் ஒன்றை உருவிவிடலாம். கடைசிப் பலகை உருவப்படாமலே போனாலும், தூக்கிய எடை தூக்கியதுதான்.