சோடா குடிச்சா சரியாயிடுமா?

எங்கள் ஆம்பூர்ப் பக்கம் கிரிக்கெட் ஆடும்போது ஒருவன் மயங்கி விழுந்தால் மூன்று வைத்தியம் ரெடி. முகத்தில் தண்ணீர், வாயில் சோடா, கையில் சாவிக்கொத்து. கூடவே இலவசமாக ஒரு தீர்ப்பு: "வெயிலுப்பா! காலைல சாப்பிடாம வந்திருப்பான்!"

வேலூர் வெயில் மேல் எந்தப் பழியையும் போடலாம். அது மறுத்துப் பேசாது.

எங்கள் டீமின் வேகப்பந்து வீச்சாளனுக்கு வயசு 24. ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். தோலில் கடுகளவு வடு இருந்தால்கூடக் கண்டுபிடித்து ஒதுக்குகிற ஆள். போன வருஷம் இரண்டாவது ரன்னுக்கு ஓடும்போது, யார் மேலும் மோதாமல், பந்தும் படாமல், பாதிப் பிட்ச்சில் சுருண்டு விழுந்தான். அரை நிமிஷத்தில் எழுந்து, "ஒண்ணுமில்லண்ணே, பேட் எங்க?" என்றான்.

மறுநாளே அவனை வேலூருக்கு பஸ் ஏற்றினோம். டாக்டர் முதலில் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை, கேள்வி கேட்டார். ஓடும்போது விழுந்தானா, நின்ற பிறகா? நெஞ்சு படபடத்ததா? வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?

அவன் அம்மா மெதுவாகச் சொன்னார்: "இவங்கப்பா 38 வயசுல தூக்கத்துலயே போயிட்டாருங்க."

டாக்டரின் முகம் மாறியது.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஏற்ற இறக்கக் கோடு ஷேர் மார்க்கெட்டோடு சரி. "நாடி 48தான் இருக்கு சார்!" என்று பதறினேன். டாக்டர் சிரித்தார். தினமும் பயிற்சி செய்பவர்களுக்கு நாடி 60-க்குக் கீழே, சிலருக்கு 40 வரைகூட இறங்குமாம். ஒரே துடிப்பில் நிறைய ரத்தம் தள்ளப் பழகிய இதயம். வேலை தெரிந்த கிளார்க் அலட்டிக்கொள்ளாத மாதிரி.

கவலை வேறு இடத்தில் இருந்தது. எக்கோவில் இதயச் சுவர் அளவுக்கு மீறித் தடித்திருந்தது. ஹைபர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி. பரம்பரையாக வரலாம். கடுமையாக ஓடும்போது துடிப்பின் தாளமே தப்பிப் போகலாம். 2003-ல் மைதானத்திலேயே இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கு இருந்ததும் இதுதான்.

24 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வேகப்பந்து கூடாது என்றார்கள். தாளம் தப்பினால் உள்ளிருந்தே மின்அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. கருவியைப் பொருத்துவது பற்றியும் பேசினார்கள். 2021 யூரோ போட்டியில் விழுந்த டென்மார்க்கின் எரிக்சன் அதைப் பொருத்திக்கொண்டு, 2024 யூரோவில் கோலே போட்டார். "அப்ப நானும்..?" என்றான் பையன். "ஆளுக்கு ஆள் வேற தம்பி" என்றார் டாக்டர்.

2012 மார்ச்சில் லண்டனில் ஆடிக்கொண்டிருந்த ஃபாப்ரிஸ் முவாம்பா விழுந்தார். 78 நிமிஷம் இதயம் தானாகத் துடிக்கவில்லை. விடாமல் நெஞ்சை அழுத்தினார்கள், மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். பிழைத்தார். அதே மாதம் பெங்களூரில் ஒரு லீக் ஆட்டத்தில் ஓர் இளைஞர் விழுந்தார். ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களே! விழுந்தவன் கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லாமல் கிடந்தால் சோடாவைத் தேடாதீர்கள். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் நடு நெஞ்சில் இரு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை அழுத்தட்டும். பக்கத்தில் ஏ.இ.டி. கருவி இருந்தால் எடுத்து வாருங்கள்; எங்கே ஒட்டணும், எப்போ அமுக்கணும் என்று அதுவே சொல்லும். ஓடும்போது மயங்கியவன் தானாக எழுந்து சிரித்தாலும், ஈ.சி.ஜி. எடுக்காமல் மறுபடி ஆடவிடாதீர்கள்.

அவனுடைய தம்பிக்கும் எக்கோ பார்த்தாச்சு. நார்மல். ஆனாலும் சொன்ன தேதிக்கு மறுபடி வரணும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.

நம்ம ஆள் இப்போது அம்பயர். எவ்வளவு கத்தினாலும் எங்களுக்கு ஒரு எல்.பி.டபிள்யூ. கொடுப்பதில்லை. "கத்தாதீங்கண்ணே, டென்ஷன் ஆகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்கிறான்.