பூஜ்யத்திற்குத் திரும்பும் முள்

என் தந்தையார் எனக்கு விட்டுச்சென்றவற்றுள் ஒன்று அவருடைய பழைய அம்பாசிடர் கார். உத்தரபாராத் தொழிற்சாலையில் 2014ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் எங்கள் வீட்டு வாசலில் அது இன்றும் ஓடத் தயாராக நிற்கிறது. தந்தையாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை நிறுத்தியதும் வேகமானியின் முள்ளை ஒருமுறை பார்த்துவிட்டே சாவியை எடுப்பார். ஏனென்று நான் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த முள் நடுங்கத் தொடங்கியது. மெதுவாகச் செல்லும்போது 20க்கும் 40க்கும் இடையே துள்ளியது. கேபிள் உலர்ந்துபோனால் அப்படி ஆகும் என்று கேள்விப்பட்டு, நானே அதைக் கழற்றித் தாராளமாகக் கிரீஸ் பூசி மாட்டினேன். நடுக்கம் நின்றது. என் கைத்திறனை எண்ணிப் பெருமிதம் கொண்டேன்.

சில மாதங்கள் கழிந்தன. இப்போது முள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. வண்டி நின்ற பின்னும் 40இலேயே நிற்கும். கண்ணாடியின்மீது விரலால் தட்டினால் சரேலென்று கீழே விழும். நாளடைவில் தட்டுவதே வழக்கமாயிற்று.

ஒருநாள் மாலை, பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடியிலுள்ள என் தமக்கை வீட்டிற்குச் சென்றுகொண்டிருந்தேன். வல்லநாட்டைக் கடந்தபின் ஓர் ஊரின் நுழைவில், முள் 40 என்று காட்டிற்று. அதை நம்பிச் சென்றேன். பக்கத்துத் தெருவிலிருந்து சைக்கிளில் ஒரு சிறுவன் சாலைக்குள் வந்துவிட்டான். பிரேக்கை மிதித்தேன். டயர்கள் அலறின. அவனுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. வெளிறிய முகத்தோடு என்னைப் பார்த்துவிட்டு அவன் போய்விட்டான். என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நின்றுவிட்ட வண்டியில் முள் மட்டும் அசையாமல் 40 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மீட்டர் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்றேன்.

“ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் ஏறுகின்றனவா, சார்?” என்று கேட்டார்.

“ஏறுகின்றன, அண்ணாச்சி.”

“அப்படியானால் கேபிள் நன்றாகச் சுற்றுகிறது. கோளாறு மீட்டருக்குள்தான்.”

அதைத் திறந்து காட்டினார். கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. முள் அந்தக் கிண்ணத்தின் அச்சில் பொருந்தியிருக்கிறது. காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் தன்னோடு இழுக்க, மெல்லிய சுருள்வில் ஒன்று பின்னுக்கு இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷூல்ட்சே என்னும் ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

கிண்ணத்தின் மெல்லிய அச்சைச் சுற்றி, தூசியோடு பிசினாய் இறுகியிருந்தது நான் பூசிய கிரீஸ்! “கேபிள் சுற்றச் சுற்ற, அதன் முறுக்கு வழியே கிரீஸ் மேலேறிவிடும், சார். மெல்லிதாய்ப் பூசினால் போதும். மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவுக்குப் பூசவே கூடாது” என்றார் அவர். சுருள்வில்லில் கை படாமல் அச்சைக் கழுவித் துடைத்தார். கேபிளை உருவி மண்ணெண்ணெயில் அலசினார். நான் விரல்நிறைய அள்ளிப் பூசிய இடத்தில் அவர் பூசியது கடுகளவே.

அளவறியாமல் கிரீஸ் பூசியது என் முதற்பிழை. அதைவிடப் பெரும்பிழை தட்டிப் பழகியது. நின்ற வண்டியில் 40 என்று காட்டிய ஒவ்வொரு முறையும், தன்னை நம்பவேண்டாமென்று அந்த முள் எனக்குச் சொல்லியிருக்கிறது. நானோ தட்டித் தட்டி அதன் வாயை அடைத்திருக்கிறேன். ஓடும்போது அது காட்டும் எண் சரிதானா என்பதை நம் கண்ணால் அறிய இயலாது. நின்றதும் பூஜ்யத்திற்குத் திரும்புகிறதா என்பதை யாரும் காணலாம். தந்தையார் எதைப் பார்த்தார் என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பின் விளங்கிற்று.

அந்தச் சிறுவனின் பெயர் எனக்குத் தெரியாது. இப்போது வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், முள் பூஜ்யத்தில் வந்து அமர்வதைப் பார்த்த பின்னரே சாவியை எடுக்கிறேன். அந்த ஒரு கணத்தில் அவன் முகம் நினைவுக்கு வருகிறது.